நிபா: நெற்றியை அளந்தால் போதுமா?

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால், வாளையாறு, நாடுகாணி, புளியரை சோதனைச்சாவடிகளில் நம் சுகாதாரத் துறையினர் மேசை போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வண்டி நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது, வெப்பமானி நெற்றிக்கு நேரே நீள்கிறது. ‘சரி, போங்க’ என்றதும் வண்டி கிளம்புகிறது. மறுநாள் நாளிதழ்களில் அந்தப் படம் வருகிறது. ஒரு புதிய தொற்று ஊருக்குள் நுழைவதைக் கண்டறிய இதுதான் வழியா? 2018 முதல் கேரளம் பட்ட பாட்டைக் கவனித்தவர்கள் ‘இல்லை’ என்றே சொல்வார்கள்.

கோழிக்கோட்டில் 2018-இல் தலைகாட்டிய நிபா, 2019-இல் எர்ணாகுளம், 2021-இலும் 2023-இலும் மீண்டும் கோழிக்கோடு, 2024-இல் மலப்புரம், 2025-இல் மலப்புரமும் பாலக்காடும் என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எல்லாமே மே முதல் செப்டம்பருக்குள். பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டுப் பக்கம் வரை வந்த நோய்க்குக் கோவை தூரமில்லை. அந்த மாவட்டத்துக்காரர்கள் பெரிய வைத்தியம் என்றால் கோவைக்குத்தான் வருகிறார்கள்.

நோய் கடுமையானது. தொற்றியவர்களில் 40 முதல் 75 விழுக்காடு வரை இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அனைவருக்கும் போடத்தக்க தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிப்பதே 2024-இல்தான் தொடங்கியது. ஆனால், இது கரோனாபோல ஊரையே வளைக்கும் நோய் அல்ல. சராசரியாக ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக்கூட முழுதாகப் பரவுவதில்லை. நெருங்கிப் பழகியவர்கள், பணிவிடை செய்தவர்கள், எச்சிலும் வாந்தியும் பட்டவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். அதனால், யார் யார் நெருங்கினார்கள் என்று தெரிந்துவிட்டால் சங்கிலியை அறுத்துவிடலாம். தெரியாவிட்டால் முடியாது.

நெற்றியை அளப்பது இங்கே எவ்வளவு உதவும்? கிருமி உடலுக்குள் போனபின் காய்ச்சல் தொடங்கப் பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகிறது. அதுவரை அவர் நெற்றி சாதாரணமாகவே இருக்கும். காய்ச்சல் வந்தபின் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினால் கருவி ஏமாந்துவிடும். உடல் நிஜமாகவே மோசமானவர் காரிலோ பேருந்திலோ சாவடியில் காத்து நிற்கப்போவதில்லை. ஆம்புலன்ஸில் நேராகக் கோவை மருத்துவமனைக்கு வருவார். அவரைப் பிடிக்க வேண்டிய இடம் அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே

2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேராம்பிரா அருகே ஒரு கிராமத்து இளைஞருக்குக் காய்ச்சல். முதலில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனை, பிறகு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. என்ன நோய் என்று தெரியாமலே அவர் இறந்துபோனார். அடுத்து அவருடைய அண்ணன் அதே மாதிரி மூளைக்காய்ச்சலோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தபோதுதான், ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் என்பது மருத்துவர்களுக்கு உறுத்தியது. மாதிரிகளை மணிப்பாலில் இருந்த ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நிபா என்று தெரிந்தது. புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது.

பின்னால் விசாரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. நோய் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த இளைஞரின் ஊர்க்காரர்களே அல்ல. அவர் மருத்துவமனைகளில் இருந்த நேரத்தில் தற்செயலாக அங்கே இருந்தவர்கள். மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்க அவரை அழைத்துப் போனபோது, அந்த அறைக்கு வெளியே நடைபாதையில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். வேறு நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், வேறு நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர்கள். அவர் இருமிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நம் அரசு மருத்துவமனைகளின் ஸ்கேன் அறை வாசலை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம், குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஓர் அட்டெண்டர், தரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் பாட்டி, டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில். வாந்தி வந்தால் துடைப்பவர் மகளோ மருமகளோதான். கையுறை கிடையாது, முகக்கவசம் கிடையாது. சோதனைச்சாவடியில் எத்தனை கருவி வைத்தாலும் இந்த வாசல் இப்படியே இருக்கும்வரை கிருமிக்குக் கவலையில்லை.

அந்த இளைஞரைக் கவனித்த பேராம்பிரா செவிலியர் லினி, மே 21 அன்று நிபாவுக்குப் பலியானார். அவர் உடல் வீட்டுக்குக் கொண்டுபோகப்படவில்லை. நாடே அவரைப் போற்றியது. கேரள அரசு அவர் கணவருக்கு வேலை கொடுத்தது. அதே நாட்களில் அதே மருத்துவமனையின் மற்ற செவிலியர்களுக்குப் பக்கத்தில் பேருந்தில் யாரும் உட்காரவில்லை; ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இறந்தவரைப் போற்றிவிட்டு, உயிரோடு இருப்பவர்களை ஒதுக்கினோம். கோழிக்கோட்டில் தகனம் செய்ய மின்மயான ஊழியர்கள் மறுத்தபோது, மாநகராட்சியின் சுகாதார அதிகாரியே முன்னின்று அந்த வேலையைச் செய்ய வேண்டிவந்தது.

அந்த முறை 18 பேருக்கு நோய் உறுதியானது. 17 பேர் இறந்தார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. ஆனால், இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் தொடர்பில் இருந்தவர்கள் என்று பட்டியலிடப்பட்டு, தினமும் விசாரிக்கப்பட்டு, தனிமையில் வைக்கப்பட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் நோய் ஓய்ந்தது அந்தப் பட்டியலால்தான்.

சொல்லத் தயங்கும் பதில்கள்

பட்டியல் எப்படித் தயாராகிறது? கணினியில் பொத்தானைத் தட்டினால் வருவதில்லை. சுகாதார ஆய்வாளர் ஒருவர் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். பல நேரம் அந்த வீட்டில் சாவு விழுந்து சில நாள்கூட ஆகியிருக்காது.

‘காய்ச்சல் என்னைக்கு வந்துச்சும்மா? அதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போனாரு? எந்த பஸ்? பக்கத்துல யாரு? முதல்ல எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க? அவரு குடிச்ச டம்ளரை யாரு கழுவுனது? குளிப்பாட்டுனது யாரு?’

கேள்விகள் எளியவைதான். பதில்கள் அப்படியல்ல. முதலில் காட்டியது மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவரிடம் என்றால் வீட்டார் சொல்வார்களா? வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாஸ்மாக்கில் உட்கார்ந்திருந்தவர் அதை மனைவி எதிரே ஒப்புக்கொள்வாரா? வீட்டுக்குத் தெரியாத ஓர் உறவு இருந்தால்? அண்ணன் மகள் கல்யாணத்தில் இலை எடுத்தேன் என்றால், அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டுக்கு நாளை காலை சுகாதாரத் துறை ஜீப் போய் நிற்கும் என்று தெரிந்தால்? கடன் பாக்கி கேட்டு வந்தவரிடம் பேசுவதைப்போல, பாதியைச் சொல்லி பாதியை விழுங்குவதுதான் மனித இயல்பு.

விழுங்கிய அந்தப் பாதியில்தான் அடுத்த நோயாளி இருக்கிறார். ஆக, நோயைப் பின்தொடர்வது என்பது கடைசியில் ஒருவர் இன்னொருவரை நம்பி உண்மையைச் சொல்வதில் வந்து நிற்கிறது. சொன்னால் தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் கேடு வராது என்ற நம்பிக்கை இருந்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால் கைபேசி கோபுர விவரங்களைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று கோபுரம் சொல்லும். யாருடைய டம்ளரில் குடித்தார் என்று சொல்லாது.

நோயாளி போன இடங்களையும் நேரங்களையும் வெளியிடும் வழக்கம் கேரளத்தில் உண்டு. இந்தக் கடையில், இந்த மணியிலிருந்து இந்த மணிவரை. அங்கே இருந்தவர்கள் இந்த எண்ணை அழையுங்கள். நல்ல ஏற்பாடு. பெயர் போடுவதில்லை. ஆனால் வயது, தொழில், ஊர், வார்டு என்று நாலு தகவல் சேர்ந்தால் கிராமத்தில் பெயர் எதற்கு? மாலைக்குள் அந்த வீட்டு வாசல் ஏதோ ஒரு சேனலில் ஓடிக்கொண்டிருக்கும்.

பயம் சுமந்த கிருமி

இந்தக் கிருமி உலகுக்குத் தெரியவந்தது 1998-99-இல், மலேசியாவில். ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். கொசுவுக்கு ஆள் பேதம் கிடையாது. ஆனால், பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்; பன்றி வளர்க்காத அக்கம்பக்கத்து மலாய் வீடுகளில் நோயே இல்லை. இந்த முரண்பாட்டை உரிய நேரத்தில் யாரும் போதுமான அளவு கேட்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை தெரிந்தது.

அதற்குள் நடந்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும். நோய் வந்த பண்ணைக்காரர்கள் பயத்தில் கிடைத்த விலைக்குப் பன்றிகளை விற்றார்கள். பன்றிகளோடு கிருமியும் லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போனது. அங்கேதான் நோய் மிகப் பெரிதாக வெடித்தது. அங்கிருந்த சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே கிருமிக்கு ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து சிங்கப்பூரின் இறைச்சிக்கூடம் வரை போய் 11 பேரைப் பிடித்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 சாவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைக் கிராமங்கள் காலியாயின.

நட்டத்துக்கு ஈடு கிடைக்கும் என்ற உறுதி முதல் வாரத்திலேயே இருந்திருந்தால், அந்த லாரிகளில் எத்தனை கிளம்பியிருக்கும்? இன்றும் கோழி, ஆடு, மாடு நோய்களில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கிருமியைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். அதனால், கேரளத்தில் 2018-இல் அடிபட்டது பழக்கடை. ரம்ஜான் நோன்பு தொடங்கிய அதே வாரங்களில் நிபாவும் வந்தது. ஆண்டிலேயே பழம் அதிகம் விற்கும் மாதத்தில் தள்ளுவண்டிகளில் மாம்பழமும் கொய்யாவும் அப்படியே கிடந்தன. ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் போன்ற நாடுகள் கேரளத்துப் பழங்களுக்குத் தடை போட்டன. பிராய்லர் கோழியில் நிபா என்று வாட்ஸ்அப்பில் ஒரு போலி அறிவிப்பு சுற்றியது. வௌவால் கடித்த பழத்தைக் கேமரா முன் தின்று காட்டி ‘ஒன்றும் ஆகாது’ என்றார் ஒரு வைத்தியர். அவர்மீது வழக்கு பாய்ந்தது. பள்ளி திறப்பு தள்ளிப்போனது. 18 பேருக்கு வந்த நோய், ஒரு மாநிலத்தின் அன்றாடத்தையே புரட்டிப்போட்டது.

நம் வாசலில் அடித்த தகரம்

‘அது கேரளம், இங்கே அப்படி நடக்காது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020-இல் சென்னையில் கரோனா வந்த வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து அடைத்தோம். வீட்டுக்குள் இருப்பவர்களைவிட, தெருவில் போகிறவர்களுக்கே அந்தத் தகரம் அதிகம் பேசியது. காய்ச்சல் வந்தும் பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே கஷாயம் குடித்துப் படுத்திருந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். பலர் அஞ்சியது கிருமிக்கு அல்ல, தகரத்துக்கு.

அதே ஆண்டு ஏப்ரலில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கரோனாவில் இறந்தபோது, அவர் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸைச் சென்னையில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் தன் கையாலேயே மண் அள்ளிப்போட்டு அடக்கம் செய்ய நேர்ந்தது. அதன்பிறகு, தொற்று நோயில் இறந்தவர் அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதலில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது, ஆண்டு 1939. சட்டத்துக்கு நம்மிடம் குறைவில்லை.

நிபா இங்கே வருமா என்றால், கிருமியின் தடம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களில் வௌவால்களைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட தகவலில், நிபாவுக்கு எதிரான எதிர்ப்பணுக்கள் காணப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது, புதுச்சேரியும் இருந்தது. நாளையே மனிதர்களுக்கு வந்துவிடும் என்பதல்ல இதன் பொருள். வாளையாறில் கோடு போட்டு நிறுத்திவிடலாம் என்பது நடக்காது என்பதே பொருள்.

உடனே ‘வௌவாலைச் சுடு, மரத்தை வெட்டு’ என்று கிளம்புவார்கள். வேண்டாம். பழந்தின்னி வௌவால் ஆயிரக்கணக்கில் தொங்கும் ஆலமரத்தைக் காப்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இலுப்பை பூத்துக் காய்க்க உதவுவதும், விதைகளைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடுவதும் இந்தப் பிராணிதான். கூட்டைக் கலைத்தால் அவை சாவதில்லை, நாலு ஊருக்குச் சிதறும். மிரண்ட கூட்டம் கிருமியையும் கூடவே கொண்டுபோகும். அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது, மரத்தடியில் விழுந்த கடித்த பழத்தைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிணற்றுக்கு வலை போடுங்கள் என்ற அளவில்தான்.

பதநீரையும் இப்படித்தான் அணுக வேண்டும். வங்கதேசத்தில் ஏறக்குறைய ஆண்டுதோறும் நிபா வருவதற்கு முக்கியக் காரணம், இரவில் பானையில் இறங்கும் ஈச்சஞ்சாற்றை வௌவால் நக்குவதும், காலையில் மக்கள் அதைக் காய்ச்சாமல் குடிப்பதும். அங்கே சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே பனையேறிகள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். ‘பதநீர் குடிக்காதீர்கள்’ என்று ஓர் அறிவிப்பு போதும், ஒரு பருவத்துப் பிழைப்பு போய்விடும். கலயத்தை வலையால் மூடிக் கட்ட உதவுவது அரசுக்குச் சில ரூபாய்ச் செலவு.

மே மாதத்துக்கு முன்

முதல் வேலை மருத்துவமனையில். நீலகிரி, கோவை, திருப்பூர், தேனி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில், காரணம் புலப்படாத மூளைக்காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் மாதிரி எடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்த வேண்டும். செலவை அரசு ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள். இறந்துவிட்டால் உடலை ஒப்படைக்கும் முன் எடுக்க வேண்டும். 2018-இலும் 2023-இலும் முதல் ஆள் அடையாளம் தெரியாமலே இறந்தார். அதே குடும்பத்தில் அடுத்தவர் படுத்த பிறகே சந்தேகம் வந்தது. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் மொத்தக் கண்காணிப்பின் பயன்.

இருமும் நோயாளிக்கும் அவருடைய அட்டெண்டருக்கும் வார்டு வாசலிலேயே முகக்கவசம் கொடுப்பதும், காய்ச்சலோடு நினைவு தடுமாறி வருபவரை ஸ்கேன் வரிசையில் நிற்க வைக்காமல் தனி நேரத்தில் அழைத்துப் போவதும் பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. ஆனால், தினமும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆள் போடாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்புவது வீண்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறார்கள். ‘இந்தத் தெருவில் ஒரே வீட்டில் ரெண்டு பேருக்குக் காய்ச்சலா?’ என்ற கேள்வியை அவர்களிடம் சேர்க்கலாம். அவர்களை ஊர் நம்புகிறது. வெளியூரிலிருந்து ஜீப்பில் வருபவரிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வார்கள். அந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

21 நாள் வீட்டிலேயே இரு என்று ஒரு கட்டடத் தொழிலாளியிடமோ தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடமோ சொன்னால், அடுப்பு எப்படி எரியும்? தொடர்புப் பட்டியலில் பெயர் ஏறிய அன்றே அந்த 21 நாள் கூலி வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அரிசி, பருப்பு வாசலுக்கு வர வேண்டும். இது பின்னால் மனுப்போட்டு வாங்கும் நிவாரணமாக இருக்கக் கூடாது. முதல் நாளே வந்தால்தான் விடுபட்ட பெயர்கள் தாமாக வெளியே வரும்.

நோயாளி போன இடங்களை வெளியிடும்போது இடமும் நேரமும் போதும். வயது, பாலினம், தொழில், வார்டு எதுவும் வேண்டாம். வீட்டைப் படம்பிடிப்பதில்லை என்று ஊடகங்கள் முன்கூட்டியே கூடி முடிவெடுக்கலாம். இந்த நாளிதழ் உட்பட.

கடைசியாக மயானம். மாவட்டத்துக்கு ஒரு குழு, இப்போதே பயிற்சி கொடுத்து, காப்பீடு செய்து, தயாராக இருக்க வேண்டும். பள்ளிவாசல், தேவாலயம், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரைக் கூப்பிட்டு, எந்தச் சடங்கைத் தள்ளி நின்று செய்யலாம், எதை விட வேண்டும் என்று அமைதியான நாட்களிலேயே பேசி எழுதி வைத்துவிட வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது பாதுகாப்பு உடையோடு வந்து முகம் பார்க்க அதில் இடம் இருக்க வேண்டும்.